மீனுக்குக் காற்று ஊற்றிய நாட்கள்

ஏழு மீனும் ஒரே நேரத்தில் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கண்ணாடித் தொட்டியைச் சுற்றி முப்பதுக்கு மேல் பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பின்னால், பத்து மணிக்குப் பால் கொடுக்க மலையிலிருந்து இறங்கி வந்த தாய்மார். தலையில் நனைந்த கம்பளி, முழங்கால்வரை சேறு. ஈரக் கம்பளியின் வாடையும் பால் வாடையும் கலந்து அந்த அறை முழுக்க நிறைந்திருந்தது.

"அய்யோ பாவம், பசிக்குதுடி அதுகளுக்கு. வாயப் பாரு, எப்புடிப் பொளக்குதுன்னு" என்றாள் காளியம்மா.

அவ்வளவுதான். மடியிலிருந்து ஒரு ரொட்டி வெளியே வந்தது. ஒரு துண்டு விழுந்தது. அடுத்தவள் சும்மா இருப்பாளா? எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஒரு வீட்டில் ஆள் படுத்துவிட்டது என்றால், வெறுங்கையோடு போய்ப் பார்க்கிற பழக்கம் கிடையாது. ரொட்டியோ, ஒரு கிண்ணம் சோறோ, கொஞ்சம் சம்பலோ கொண்டுபோக வேண்டும். மீனாக இருந்தால் என்ன, அதுவும் ஒரு வீட்டில்தானே இருக்கிறது? ஆளுக்கு ஒரு துண்டு போட்டார்கள்.

அதைத் தடுக்க வேண்டியவள் நான். அந்தப் பிள்ளைக்காம்பராவுக்குப் பொறுப்பானவளும் நான்தான். நான் என்ன செய்தேன் தெரியுமா? என் மத்தியானச் சாப்பாட்டைத் திறந்து, என் பங்குக்கு ஒரு துண்டு பிய்த்துப் போட்டேன்.

போன வாரம் இந்தப் பகுதியில் என் கல்யாணப் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டேன் என்று பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி கோபித்து எழுதியிருக்கிறார். அம்மா, மாப்பிள்ளை எங்கும் ஓடிவிடவில்லை, இதோ பக்கத்து அறையில் குறட்டை விடுகிறார். அவர் கதை மெதுவாக வரட்டும். எனக்கு இந்த வாரம் முழுக்க மழை நினைப்பாகவே இருக்கிறது. மழை நினைப்பு வந்தால் மீன் நினைப்பும் வந்துவிடுகிறது.

துரை விட்டுப்போன தொட்டி

அப்போது நான் மடுல்சீமைக்கு அப்பால், பஸ் போகிற கடைசி இடத்திலிருந்தும் இரண்டு கட்டை, அதாவது இரண்டு மைல், மேலே இருந்த ஒரு தோட்டத்தில் வேலை பார்த்தேன். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற இடம்தான் பிள்ளைக்காம்பரா. காலையில் வரிசையாகக் கொண்டுவந்து தருவார்கள். மாலையில் அதே வரிசையில் எண்ணி வாங்கிப் போவார்கள். நடுவில் குளிப்பாட்டு, சோறூட்டு, தூங்க வை, மூக்கைத் துடை. முப்பது மூக்கு!

எழுபதுகளில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த சமயத்தில் எங்கள் வெள்ளைக்காரத் துரை ஊரைப் பார்க்கப் போய்விட்டார். பங்களாவில் அவர் விட்டுப்போன சாமான்களில் ஒன்று இந்த மீன்தொட்டி. புதிதாக வந்த துரைக்கு மீன் என்றால் குழம்பில் கிடப்பதுதான். "இத எடுத்துட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டார். தோட்ட ஆபீஸில் கணக்குப் பார்க்கிற பெரிய கிளாக்கர் ஐயாவின் யோசனையில் நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து என் காம்பராவின் மூலையில் வைத்தார்கள்.

தொட்டியோடு ஏழு தங்கமீனும், காற்று ஊதுகிற சின்ன மெஷின் ஒன்றும் வந்தன. மெஷினிலிருந்து போகிற மெல்லிய குழாய் தொட்டிக்கு அடியில் முடியும். அங்கிருந்து முத்து முத்தாகக் காற்று மேலே வரும். பிள்ளைகள் அதற்கு 'புர்ரு' என்று பேர் வைத்தார்கள். எங்கள் காம்பரா தேயிலைத் தொழிற்சாலைக்கு, அதாவது எங்கள் பேச்சில் ஸ்டோருக்கு, பக்கத்தில் இருந்தது. ஸ்டோருக்கு மலைத் தண்ணீரில் சுற்றுகிற சொந்தக் கரண்ட். அதிலிருந்து ஒரு ஒயர் எங்களுக்கும் வந்தது. தொழிலாளர் குடியிருக்கிற லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் இல்லாத கரண்ட் மீனுக்கு இருந்தது என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மீனுக்குப் பேர் வைத்ததும் பிள்ளைகள்தான். அவர்களுக்குத் தெரிந்த பெரிய மனிதர்களின் பட்டியல் ஒன்று உண்டல்லவா? பெரிதாக வயிறு தள்ளி இருந்தது பெரிய தொரை. அடுத்தது ஸ்டோரை நடத்துகிற டீமேக்கர். பிறகு கங்காணி, டாக்டர், டிரைவர், ராணி. எதற்கும் அவசரப்படாமல் ஓரமாக நின்றது கிளாக்கர்.

தொட்டி வந்த பிறகு என் வேலை பாதியாகக் குறைந்தது. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டிக்கு முன்னால் நிறுத்தினால் போதும். கண்ணீர் கன்னத்தில் காய்வதற்குள் சிரிப்பு வந்துவிடும்.

ஒரு வாய் மீனுக்கு, ஒரு வாய் எனக்கு

ராசாத்திக்கு மூன்று வயது நிறைந்திருந்தது. அவளுடைய அம்மா முத்தம்மா எங்கள் தோட்டத்தில் வேகமாகக் கொழுந்து எடுக்கிற கைக்காரி. வயிற்றில் கட்டி என்று சொல்லிப் பதுளை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அப்பா சின்னையாவும் துணைக்குப் போய்விட்டார். பிள்ளை அத்தை காளியம்மாவிடம் இருந்தது. பகலில் என்னிடம்.

போகிற அன்று முத்தம்மா பிள்ளையைத் தொட்டிக்கு முன்னால் உட்காரவைத்துவிட்டு, "நீ தெனமும் மீனுக்குச் சோறு போட்டுட்டே இரு கண்ணு. அதுகளப் பட்டினி போடாமப் பாத்துக்கிட்டீன்னா அம்மா சீக்கிரமா வந்துருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். பெற்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிற அவசரத்தில் சொன்ன சமாதானம் அது. பிள்ளை அதைச் சத்தியமாக எடுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து ராசாத்தி வேறு எங்கும் வைத்துச் சாப்பிடமாட்டாள். கிண்ணத்தோடு தொட்டிக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். ஒரு பருக்கை மீனுக்கு. மீன் கவ்விய பிறகு ஒரு வாய் அவளுக்கு. மீன் கவ்வாவிட்டால் அவளும் வாயைத் திறக்கமாட்டாள். காளியம்மா வீட்டில் ராத்திரி சாப்பாடு ஒப்புக்குத்தான் நடந்தது. பிள்ளை வயிறு நிறைவது என் காம்பராவில் மட்டும்தான்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது, புதன்கிழமை துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பசறைக் கடைக்கு வந்துபோன ஒருவர் மூலமாகச் செய்தி வந்தது. காளியம்மா ராசாத்தியிடம் "பொதங்கெழம அம்மா வருது" என்று சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது.

புர்ரு நின்றது

எங்கள் பக்கத்து மழையைச் சொல்லி விளக்க முடியாது. திங்கட்கிழமை காலையில் மலையே வழுக்கிக்கொண்டு வந்து ஸ்டோருக்குத் தண்ணீர் கொண்டுவரும் குழாயை உடைத்துப்போட்டது. ஸ்டோர் நின்றது. டீமேக்கர் ஐயா, அதாவது மனித டீமேக்கர், தட்டுகளில் வாடிக் கிடந்த கொழுந்தைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு ஓடியதை ஜன்னலில் இருந்து பார்த்தேன். அதே மழையில் பசறை ரோட்டிலும் மண் சரிந்துவிட்டது, பஸ் இல்லை என்றும் பேச்சு வந்தது.

என் காம்பராவில் கரண்ட் போனது எனக்குத் தெரியவே இல்லை. தரையில் ஈரம் ஓடுவதைப் பார்த்து, வழக்கம்போல ஏதோ ஒரு பிள்ளையின் வேலை என்று நினைத்துத் துணியோடு போனேன். பார்த்தால், ஊதுவதற்கு ஆளில்லாத குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீர் திரும்பி இறங்கி மெஷினுக்குள் சொட்டிக்கொண்டிருக்கிறது! குழாயைப் பிடுங்கி மேலே மாட்டினேன். பிள்ளைகள் "புர்ரு செத்துப்போச்சு" என்று அறிவித்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் முதலில் சொன்ன ரொட்டித் திருவிழா. பத்து மணிக்கு வந்த தாய்மார் போட்டார்கள். மத்தியானம் வந்தவர்களும் போட்டார்கள். ராசாத்திக்கு ஒரே சந்தோஷம். மீன்களுக்கு இவ்வளவு சோறு ஒரு நாளும் விழுந்ததில்லை, அம்மா நாளைக்கே வந்துவிடுவாள் என்று சொல்லி இரண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் கதவைத் திறந்தேன். தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக வெளுத்துக் கிடந்தது. லேசாக நாற்றம். ஆறு மீன் மேலே தொங்கிக்கொண்டு வாய் பிளக்கின்றன. ஏழாவது மல்லாந்து கிடக்கிறது. அது கிளாக்கர்.

பிள்ளைகள் வருவதற்குள் எடுத்துப் புதைத்துவிட்டேன். அதுகளுக்கா தெரியாமல் போகும்? வந்தவுடன் எண்ணினார்கள். பத்து மணிக்குத் தாய்மார் வந்தபோது நாலைந்து குரலில் "கிளாக்கரு செத்துப்போச்சு" என்றார்கள். அது மலைக்குப் போய், மழையில் நனைந்து, கீழ் லயத்துக்குப் போய்ச் சேரும்போது நல்ல துக்கச் செய்தியாகிவிட்டது. இரண்டு பெண்கள் பெரிய கிளாக்கர் ஐயா வீட்டு வாசலுக்கே போய்விட்டார்கள். கதவைத் திறந்தவர் கிளாக்கர் ஐயா. பாவம், மனிதர் மாலையில் குடை பிடித்துக்கொண்டு வந்து, "சரோஜா, நா உசுரோடதான் இருக்கேன்னு பிள்ளைகள்கிட்ட சொல்லிரும்மா" என்றார். சிரித்தபடிதான் சொன்னார். ஆனாலும் அந்தப் பேரை வேறு எந்த மீனுக்கும் வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

பங்களாக் குளம்

சிரிப்பெல்லாம் மாலையில். காலையில் எனக்கு ஒரே கேள்விதான். மீதி ஆறும் போய்விட்டால் ராசாத்தியை என்ன செய்வது? ரோடு திறந்து முத்தம்மா வந்து நின்று பிள்ளையைக் கேட்டால், தோலும் எலும்புமாகவா எடுத்துக் கொடுப்பேன்?

உதவிக்கு வந்த பெண்ணிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு பங்களாவுக்கு ஓடினேன். அங்கே பூந்தோட்டத்துக்கு நடுவில் துரை கட்டிய மீன் குளம் ஒன்று உண்டு. அதற்கு மெஷினும் இல்லை, கரண்டும் இல்லை. அதில் இருக்கும் மீனெல்லாம் எப்படி இருக்கின்றன என்று பார்க்க வேண்டும்.

தோட்டக்கார அந்தோணி அண்ணன் முட்டளவு தண்ணீரில் நின்று, காற்றில் விழுந்த இலையையெல்லாம் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். வாய் மட்டும் நாற்பது வயது மூத்தது.

"அண்ணே, ஒங்க மீனுக்கு என்ன போடுறீங்க?"

"ஒண்ணும் போடல. ஏன்?"

"எங்க மீனு பசியில வாயப் பொளக்குது. நேத்திலிருந்து ரொட்டியும் சோறுமா போட்டுக்கிட்டே இருக்கோம். அப்பவும் அடங்கல. ஒண்ணு செத்தும் போச்சு."

அவர் கூடையைக் கீழே வைத்தார். "தங்கச்சி, ஒனக்கு மூச்சு முட்டுனா நா ஒன் வாயில ரொட்டியத் திணிக்கவா?"

எனக்குக் கோபம் வந்தது. சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அவர் குளத்தின் ஓரத்தைக் காட்டினார். மலையிலிருந்து வரும் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாகக் குளத்தில் விழுகிற இடம். குளத்து மீன் பாதிக்கு மேல் அங்கேதான் கூடி நின்றது. தண்ணீர் விழுந்து கலங்கி நுரைக்கிற இடத்தில் காற்று கலக்கும், அதைத் தேடித்தான் போகின்றன என்றார். கொளத்துக்குக் காத்து எறங்க அகலமான வாய் இருக்கு, தொட்டிக்கு இல்ல என்றார். இலையும் எச்சில் சோறும் அழுகினால் இருக்கிற காற்றையும் அதுவே தின்றுவிடும் என்றார். எல்லாவற்றையும் திட்டித் திட்டித்தான் சொன்னார். ஆனால் இலைக் கூடையை அங்கேயே விட்டுவிட்டு என்னோடு மழையில் வந்தார்.

காம்பராவுக்குள் நுழைந்ததும் அவருக்குச் சிரிப்பு. எந்த மகராசியோ நான் இல்லாத நேரத்தில் மீனுக்குக் குளிருமே என்று தொட்டியைக் கம்பளியால் மேலோடு மூடிப் போர்த்தியிருந்தாள். "ஓரத்துக்குப் போத்து, வேணாங்கல. மேல மூடுனா இருக்குற காத்தும் போச்சு" என்று அதை உருவி எடுத்தார்.

அடியில் ஊறிக் கிடந்த ரொட்டியை வடிகட்டித் துணியில் அள்ளினோம். பாதித் தண்ணீரை இறைத்துக் கொட்டினோம். புதுத் தண்ணீரை அப்படியே ஊற்ற விடவில்லை. மலையிலிருந்து பீலியில் விழுகிற தண்ணீர் கையை வெட்டுகிற குளிர், மீனுக்கு ஆகாது. கேத்தலில் கொஞ்சம் காய்ச்சி அதோடு கலந்து, தொட்டித் தண்ணீருக்குள் ஒரு கை, வாளிக்குள் ஒரு கை விட்டுப் பார்த்துச் சரிபண்ணி, மெதுவாக ஊற்றினோம். சின்ன மீன் நாலையும் பிடித்து, பிள்ளைகளைக் குளிப்பாட்டுகிற இரண்டு அகலமான எனாமல் பேசினில் சோடி சோடியாக விட்டோம். பெரிய தொரையும் டீமேக்கரும் மட்டும் தொட்டியில்.

பிறகு அவர் ஒரு குவளையை எடுத்தார். தொட்டித் தண்ணீரை மொண்டு, கை உயரத்துக்குத் தூக்கி, அதிலேயே திரும்ப ஊற்றினார். ஊற்றிய இடத்தில் நுரை கிளம்பியது. இன்னொரு குவளை. இன்னொன்று. கால் மணி நேரத்தில் பெரிய தொரை மேலேயிருந்து இறங்கித் தொட்டிக்குள் ஒரு சுற்றுச் சுற்றினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும்தான்.

"கரண்டு வர்றவரைக்கும் இப்புடி ஊத்தணும். இன்னொண்ணு, ஒரு பருக்க கூடப் போடக் கூடாது. வாரக் கணக்குல பட்டினி கெடந்தாலும் மீனு சாகாது. தின்னாத்தான் சாகும்."

அதைச் சொல்லிவிட்டு அவர் தன் குளத்துக்குப் போய்விட்டார். நான் திரும்பினேன். ராசாத்தி கிண்ணத்தோடு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மீன் பெரட்டு

குவளையால் ஊற்றுவது கேட்பதற்குச் சுலபம். அரை மணி நேரம் ஊற்றிப் பாருங்கள், தோள்பட்டை உங்களோடு பேசும். நல்லவேளையாக அந்த மழையில் சில மலைகளில் கொழுந்து எடுக்கவே முடியவில்லை. வேலையில்லாத பெண்கள் காம்பராவுக்குள் ஒதுங்கினார்கள். ரொட்டி போட்ட பாவம் எல்லோருக்கும் உறுத்தியதோ என்னவோ, ஆளுக்கு ஆள் குவளையைப் பிடுங்கினார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஊற்ற, மூன்றாவது ஆள் நனைய, ஒரே கூச்சல்.

மழைக்கு ஒதுங்கிய வீரையாக் கங்காணிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. ஒழுங்கில்லாமல் நாலு பேர் கூடி நின்றால் அவருக்கு உடம்பு அரிக்கும். விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி, இன்னாருக்கு இன்ன மலை என்று பிரித்துவிடுகிற அதே குரலில் ஆரம்பித்துவிட்டார்.

"எல்லாரும் வரிசையில நில்லுங்க! காளியம்மா, நீ தொட்டி. மாரியாயி, நீ மொத பேசினு. செவனம்மா, நீ ரெண்டாவது. மத்த ஆளெல்லாம் ஒக்காரு. நா கூப்புடுறப்ப மாத்து. ஏ, ஒசரமா ஊத்து, மடியிலயா ஊத்துற?"

"கங்காணி, கீழ கெடக்குற கங்காணி மீனுக்கு யாரு ஊத்துறது?" என்று மாரியாயி கேட்டாள். அறையே அதிர்ந்தது. அவரும் சிரித்துவிட்டார். அவர் சிரித்து நான் பார்த்த முதல் தடவை அது. பேசினைக் குனிந்து பார்த்து, "எம் பேரக் காப்பாத்துங்கடி" என்றார்.

இரவுக்கு ஸ்டோர் காவல்காரர் பொறுப்பெடுத்துக்கொண்டார். ஸ்டோர் ஓடாதபோது அவருக்கு வேறு என்ன வேலை? ஒவ்வொரு சுற்றுக்கும் வந்து ஊற்றிவிட்டுப் போனதாகச் சொன்னார். காலையில் தரை ஈரமாக இருந்ததால் நம்பினேன்.

கரண்ட் எப்போது வந்தது என்று கேட்பீர்கள். அடுத்த வாரம்தான். அந்தோணி அண்ணன் வந்து குழாயையும் அதன் முனையில் இருந்த கல்லையும் வெந்நீரில் அலசிவிட்டுத்தான் போட விட்டார், உள்ளே அழுகியதெல்லாம் தொட்டிக்குள் போய்விடுமாம். புர்ரு மறுபடி ஊதத் தொடங்கியபோது பிள்ளைகள் சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். குவளையைப் பிடுங்கி வைத்ததற்காக ஒரு அழுகை அழுதார்கள் பாருங்கள்!

திறக்காத வாய்

முன்னால் ஓடிவிட்டேன். செவ்வாய்க்கிழமைக்கே வருகிறேன்.

மீன்கள் தேறிவிட்டன. ராசாத்தி வாயை மூடிக்கொண்டாள். மீனுக்குப் போடக் கூடாது என்றால் அவளுக்கும் வேண்டாம். நான் விரலில் ஒன்றுமில்லாமல் தொட்டிக்கு மேலே உதறிக் காட்டினேன். "பொய்" என்றாள். கதை சொன்னேன். பருப்பை நெய்யில் குழைத்தேன். வெல்லம் காட்டினேன். மடியில் போட்டு ஆட்டினேன். கடைசியில் அதட்டினேன். எதற்கும் அசையவில்லை. சாயத் தேத்தண்ணி மட்டும் இரண்டு வாய் குடித்தாள்.

புதன்கிழமை வந்தது. முத்தம்மா வரவில்லை. ரோடு அடைத்துக் கிடக்க எப்படி வருவாள்? பெரியவர்களுக்கு அது மண்சரிவு. ராசாத்திக்கு அது வேறு. மீன் பட்டினி, அதனால் அம்மா வரவில்லை. அவள் அதை அழாமல் என்னிடம் சொன்னாள். "அக்கா, நீங்கதான் போட வேணான்னு சொன்னீங்க."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தது. ஒரு பருக்கை போட்டால்தான் என்ன என்று கை போய்விட்டது. வெளுத்த தண்ணீரும் மல்லாந்து கிடந்த மீனும் ஞாபகம் வந்து கையை இழுத்துக்கொண்டேன். மீன் பட்டினி கிடந்ததற்கே இப்படி. ஆறும் செத்தால் அம்மா ஒருபோதும் வரமாட்டாள் என்றல்லவா அந்தப் பிள்ளை முடிவு கட்டும்? மத்தியானத்துக்கு மேல் அவளுக்கு உடம்பு சுடுவதுபோல இருந்தது. மருந்துக்காரர் வந்து பார்த்தார். "காய்ச்சல் இல்ல. வயிறு காயுது. எப்புடியாச்சும் சாப்புட வைங்க" என்றார். அதைச் சொல்வதற்கு ஒரு மருந்துக்காரர்!

காளியம்மாவின் முறை வந்து அவள் தொட்டியடியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ராசாத்தி அவள் முழங்காலில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, ஏன் அதுலருந்து எடுத்து அதுலயே ஊத்துறீங்க?"

"காத்து குடுக்குறோம்டி."

"காத்து எதுக்கு?"

காளியம்மாவுக்குக் கை வலி. யோசிக்க நேரமில்லை. "தின்னத்தான். இப்ப அதுகளுக்கு அதுதான் சோறு" என்றாள், அடுத்த குவளையை மொண்டபடி.

ராசாத்தி தொட்டியைப் பார்த்தாள். குவளை விழுந்த இடத்தில் நுரை கிளம்புவதையும், பெரிய தொரை அந்த நுரையடியில் வந்து வாயை அசைப்பதையும் வெகுநேரம் பார்த்தாள். பிறகு எழுந்து அத்தையின் கையிலிருந்து குவளையை வாங்கினாள். பாதி தொட்டியில், பாதி தன் சட்டையில். ஊற்றிவிட்டு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தாள்.

எனக்கு உடனே புரியவில்லை. மாரியாயிதான் என் விலாவில் இடித்தாள். "ஊட்டுடி, ஊட்டு!"

ஒரு குவளை ஊற்றினால் ஒரு வாய். இன்னொரு குவளை, இன்னொரு வாய். கிண்ணம் காலியாகிறவரைக்கும் அந்த அறையில் முப்பது பிள்ளைகளும் அத்தனை பெண்களும் வாய் வாயாக எண்ணிக்கொண்டிருந்தார்கள். கடைசி வாயைத் தின்றுவிட்டு ஏப்பம் விட்டாள். கங்காணி "பலே" என்றார். நான் இரண்டு நாள் குட்டிக்கரணம் போட்டும் நடக்காததைக் காளியம்மா வாய்க்கு வந்ததைச் சொல்லி நடத்திவிட்டாள் என்று எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் பொறாமையும் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

மறுநாளிலிருந்து கங்காணியின் வரிசையில் ராசாத்தி பேரும் சேர்ந்தது. அவளுக்கு ஒரு முக்காலி, கைப்பிடி வைத்த சின்னத் தகரக் குவளை. காலையில் அவர் பேர் வாசிக்கும்போது, "ராசாத்தி, தொட்டி" என்பார். இவள் "இருக்கேங்க" என்பாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம்

மழை விட்டிருந்தது. ரோட்டில் மண்ணை வெட்டி ஆள் நடக்கிற அளவுக்கு வழி பண்ணியிருந்தார்கள். பஸ் சரிவுக்கு அந்தப் பக்கத்தோடு நின்றுவிடும். முத்தம்மாவைச் சின்னையா கைத்தாங்கலாகச் சேற்றைத் தாண்டவைத்து, அங்கங்கே கல்லில் உட்காரவைத்து, மேலே கூட்டிவந்திருக்கிறார். லயத்துக்குப் போகாமல் நேரே என் காம்பராவுக்குத்தான் வந்தாள்.

முத்தம்மா இளைத்துப் பாதியாகியிருந்தாள். சேலை முழுக்கச் சேறு. ஒரு கை வயிற்றைப் பிடித்திருந்தது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார் என்று சின்னையா பின்னால் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவள் காதில் வாங்கவில்லை. பிள்ளை எங்கே என்று கண் தேடியது. முக்காலியின் மேல் நின்று முதுகைக் காட்டிக்கொண்டு ஊற்றிக்கொண்டிருந்தவளைக் கண்டுபிடித்ததும் மற்றக் கையை நீட்டினாள்.

"ராசாத்தி! கண்ணு, அம்மா வந்துட்டேண்டா!"

பெண்களெல்லாம் ஊற்றுவதை நிறுத்திவிட்டார்கள். நான் பிள்ளையைத் தூக்கிக் கொடுக்கத் தயாராக ஓடினேன்.

ராசாத்தி திரும்பிப் பார்த்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. ஆனால் முக்காலியிலிருந்து இறங்கவில்லை. குவளையைத் தொட்டிக்குள் விட்டு மொண்டாள்.

"எனக்கு வேல இருக்கும்மா. செத்த இரு, வந்துர்றேன்."

தோட்டத்தில் எந்தப் பிள்ளைக்கும் அந்த வார்த்தை புதிதில்லை. தினமும் காலையில் கதவடியில், காலைக் கட்டிக்கொள்கிற பிள்ளையின் கையைப் பிரித்துவிட்டு, கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு அத்தனை தாய்மாரும் அதைத்தான் சொல்லிவிட்டுப் போவார்கள். முத்தம்மாவும் அதைத்தான் சொல்வாள்.

முத்தம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. தையல் இழுத்தது போலிருக்கிறது, வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அழுகையாகி மறுபடி சிரிப்பானது. பிறகு சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து, மகள் வேலை முடித்து வரும்வரை காத்திருந்தாள்.